கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை: தயாராவது முதல் அறிக்கையைப் படிப்பது வரை

"உங்களுக்கு ரத்தத்தில் உப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது" என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து குழம்பில் உப்பைக் குறைத்துக்கொண்டு, செய்ய வேண்டியது அத்துடன் முடிந்ததாக நினைத்து அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அது அவர்கள் குற்றமல்ல. ரத்தத்திலுள்ள யூரியாவையும் கிரியாட்டினினையும் 'உப்பு' என்கிறோம். கர்ப்பிணிக்குச் சிறுநீரில் புரதம் போனால் அதையும் 'உப்பு' என்கிறோம். சமையலறை உப்பும் உப்புதான். மூன்றும் வேறு வேறு பொருள்கள். இந்த வழிகாட்டி முதலாவதைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அறிய உலகெங்கும் முதலில் கேட்கப்படும் கிரியாட்டினின் பரிசோதனையைப் பற்றியது.

படிகளுக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த அறிக்கையில் மக்களை அதிகம் ஏமாற்றுவது உயர்ந்த எண் அல்ல, 'இயல்பு' என்ற சொல்தான். எண் இயல்பு வரம்புக்குள் இருக்கும்போதே சிறுநீரகம் தன் திறனில் பெரும்பங்கை இழந்திருக்கக்கூடும். அது எப்படி என்பதை ஐந்தாம் படியில் கணக்குடன் காட்டியிருக்கிறேன். நேரம் குறைவாக உள்ளவர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

முதல் படி: எதை அளக்கிறார்கள் என்று புரிந்துகொள்வது

நம் தசைகளில் கிரியாட்டின் என்ற பொருள் ஆற்றலைச் சேமித்து வைக்கிறது. நாள்தோறும் அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு தானாகவே சிதைந்து கிரியாட்டினின் என்ற கழிவாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. பெயர்கள் ஒன்றுபோல ஒலித்தாலும், உடற்பயிற்சிக் கூடங்களில் பொடியாக வாங்கிச் சாப்பிடுவது கிரியாட்டின். ரத்தத்தில் அளக்கப்படும் கழிவு கிரியாட்டினின்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டும் அலகுகள் ஏறத்தாழ பத்து லட்சம் உள்ளன. அவற்றின் நுனியிலுள்ள வடிமுடிச்சுகள் நல்ல உடல்நிலையில் ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிக்கின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டு, ஒன்றிரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேறுகிறது. கிரியாட்டினின் இந்த வடிகட்டியைத் தடையின்றிக் கடக்கும், திரும்ப உறிஞ்சப்படுவதில்லை. தசையிலிருந்து வரும் வரத்து நாளுக்கு நாள் பெரிதாக மாறாது என்பதால், ரத்தத்தில் அது தேங்கினால் வடிகட்டுவது குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். பரிசோதனையின் அடிப்படை இவ்வளவுதான்.

இதிலேயே இரண்டு குறைகளும் அடங்கியுள்ளன. வரத்து தசையைப் பொறுத்தது; எனவே மெலிந்த மூதாட்டியின் எண்ணையும் மூட்டை தூக்கும் இளைஞரின் எண்ணையும் ஒரே அளவுகோலால் பார்க்க முடியாது. அடுத்து, வடிகட்டி வழியாக மட்டுமல்லாமல் நெஃப்ரானின் நுண்குழாய்ச் சுவர் வழியாகவும் கிரியாட்டினின் சிறிதளவு வெளியேற்றப்படுகிறது. வடிகட்டி பழுதாகும்போது இந்தப் பக்கவாட்டு வழியின் பங்கு கூடுகிறது. அதனால் உண்மையான இழப்பைவிட எண் குறைவாகவே ஏறிக் காட்டும்.

இரண்டாம் படி: யாருக்கு, எப்போது தேவை

இரண்டாம் வகை சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட அன்றே முதல் பரிசோதனையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது தொடர் பரிசோதனையும் தேவை. முதல் வகை சர்க்கரை நோயில், நோய் தொடங்கி ஐந்து ஆண்டுகளிலிருந்து ஆண்டுதோறும் பார்ப்பது வழக்கம். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கல், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்குச் சிறுநீரக நோய், கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறிய வரலாறு, மூட்டுவலிக்காக டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்ளுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் உடலில் எந்தத் தொந்தரவும் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. நடக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் மாத்திரை வீட்டுக்கு வருவதால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் பழக்கமே நின்றுவிடக் கூடாது. மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம் கடைசியாக எப்போது கிரியாட்டினின் பார்க்கப்பட்டது என்பதைக் காட்டி, ஓராண்டு கடந்திருந்தால் பரிசோதனைக்கு நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும் என்பதற்கு இலங்கையின் வடமத்திய மாகாணம் வேதனையான சான்று. அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் விவசாயக் குடும்பங்களில், 1990களிலிருந்து காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் கண்டறியப்பட்டு வருகிறது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் இதேபோன்ற நிலை. இந்த நோயில் சிறுநீரில் புரதம் மிகக் குறைவாகவே போகும்; கால் வீக்கமும் நெடுநாள் தோன்றாது. சிறுநீரை மட்டும் சோதித்தால் நோய் கண்ணில் படாமல் போகலாம். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால்தான் தெரியவரும். கடும் வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து நாள் முழுதும் உடலுழைப்புச் செய்கிறவர்கள் இதைத் தங்களுக்குத் தொடர்பில்லாத செய்தியாகக் கருதக் கூடாது என்பது என் எண்ணம்.

மூன்றாம் படி: பரிசோதனைக்கு முன் உள்ள இரண்டு நாட்கள்

கிரியாட்டினினுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் காலையில் சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள். அப்போதும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்க வேண்டும். நீர் வற்றிய உடலில் எடுத்த ரத்தம் எண்ணை ஏற்றிக் காட்டும். அதே சமயம், எண்ணைக் குறைப்பதற்காகக் காலையிலேயே இரண்டு மூன்று லிட்டர் குடிப்பதால் பயனில்லை. இதய நோயோ முற்றிய சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

முந்தைய நாள் இரவு கறிக்குழம்பு, பிரியாணி, ஆட்டுக்கால் சூப் ஆகியவற்றைத் தவிருங்கள். இறைச்சியை வேகவைக்கும்போது அதிலுள்ள கிரியாட்டினில் ஒரு பகுதி கிரியாட்டினினாக மாறிவிடுகிறது. அது குடலிலிருந்து நேரே ரத்தத்துக்குப் போய்ச் சில மணி நேரம் எண்ணை உயர்த்தி வைக்கும். ஞாயிற்றுக்கிழமை விருந்து முடிந்து திங்கட்கிழமை காலையில் கொடுத்த ரத்தத்தைப் பார்த்துப் பயந்துபோனவர்கள் உண்டு. கடுமையான உடற்பயிற்சியையும் ஒன்றிரண்டு நாட்களுக்கு நிறுத்திவையுங்கள். கிரியாட்டின் பொடி உட்கொள்பவர் அதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

மருந்துகள் இரண்டு வகையில் இந்த எண்ணைத் தொடுகின்றன. டிரைமெத்தோபிரிம் கலந்த கிருமிக்கொல்லி, சிமெட்டிடின், எச்.ஐ.வி. சிகிச்சையில் தரப்படும் டோலுடெக்ராவிர் போன்றவை நான் முதலில் சொன்ன பக்கவாட்டு வழியை அடைக்கின்றன. வடிகட்டி நன்றாகவே இருக்கும், எண் மட்டும் சற்று ஏறும். டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளோ வடிமுடிச்சுக்கு வரும் ரத்த ஓட்டத்தையே குறைத்து உண்மையான பாதிப்பை உண்டாக்கக்கூடியவை. பரிசோதனைக்குப் போகும்போது கடந்த இரண்டு வாரங்களில் உட்கொண்ட எல்லாவற்றையும், நாட்டு மருந்து, லேகியம், பற்பம் உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ரத்த அழுத்த மாத்திரையைப் பரிசோதனைக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நான்காம் படி: ரத்தம் எடுக்கும் இடத்தில்

இது சிறிய படிதான். ஆனால் கிரியாட்டினினுடன் சேர்த்து அளக்கப்படும் பொட்டாசியம் பொய்யாக உயர்வது பெரும்பாலும் இங்கேதான். கையில் பட்டையை நெடுநேரம் இறுக்கிக் கட்டுவதும், நரம்பு தெரிய வேண்டும் என்று கையை மீண்டும் மீண்டும் மூடித் திறக்கச் சொல்வதும், ரத்த அணுக்கள் உடையும்படி ஊசியால் வேகமாக உறிஞ்சுவதும் பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டும். ரத்த அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடிக் குழாயில் பொட்டாசியம் சேர்ந்த உறையா மருந்து இருக்கிறது. அதிலிருந்து சில துளிகள் மஞ்சள் அல்லது சிவப்பு மூடிக் குழாய்க்குள் போனால் பொட்டாசியம் தாறுமாறாக ஏறி, கால்சியம் இறங்கியிருக்கும். மஞ்சள் மூடிக் குழாயை முதலிலும் ஊதா மூடிக் குழாயைப் பிறகும் நிரப்புவது அதனால்தான்.

ஆய்வகத்துக்குள் நடப்பது இரண்டு முறைகளில் ஒன்று. ஜெர்மானிய வேதியியலாளர் மாக்ஸ் யாஃபே 1886-இல் கண்டறிந்த வினை, காரக் கரைசலில் பிக்ரிக் அமிலத்துடன் கிரியாட்டினின் சேர்ந்து செம்மஞ்சள் நிறம் தருவது. செலவு குறைவு என்பதால் இன்றும் பரவலாக இருக்கிறது. இதில் கீட்டோன்களும் சில செஃபலோஸ்போரின் கிருமிக்கொல்லிகளும் கிரியாட்டினினைப் போலவே நிறம் தந்து எண்ணைக் கூட்டிவிடும். மஞ்சள் காமாலையின் பிலிருபின் குறைத்துவிடும். மற்றொன்று நொதி முறை. விலை கூடுதல், இத்தகைய குழப்பங்கள் குறைவு. அறிக்கையில் எண்ணுக்கு அருகே முறையின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். ஒருமுறை ஓர் ஆய்வகம், அடுத்த முறை தள்ளுபடி தரும் வேறோர் ஆய்வகம் என்று மாற்றிக்கொண்டே இருந்தால், 1.1-இலிருந்து 1.2 ஆனது சிறுநீரகத்தின் மாற்றமா முறையின் மாற்றமா என்று யாராலும் சொல்ல முடியாது. கூடியவரை ஒரே இடத்தில் கொடுங்கள்.

ஐந்தாம் படி: கிரியாட்டினின் எண்ணைப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள். இந்தியாவில் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருவார்கள். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் அறிக்கைகளில் லிட்டருக்கு மைக்ரோமோல் என்று இருக்கும்; அதை 88.4-ஆல் வகுத்தால் நம் அலகு கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த அறிக்கையில் 106 என்று கண்டு பதற வேண்டாம்; அது 1.2 தான்.

வயதுவந்த ஆண்களுக்கு ஏறத்தாழ 0.7 முதல் 1.3 வரை, பெண்களுக்கு 0.6 முதல் 1.1 வரை என்று வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். வரம்பைத் தாண்டினால் தடித்த எழுத்தில் வரும், தாண்டாவிட்டால் சாதாரண எழுத்தில் வரும், பெரும்பாலோர் சாதாரண எழுத்தைப் பார்த்ததும் அறிக்கையை மடித்துவிடுவார்கள். இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும்.

வடிகட்டும் திறன் பாதியானால் கிரியாட்டினின் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. எனவே இந்த எண் நேர்கோட்டில் ஏறுவதில்லை. தொடக்கத்தில் படுத்துக் கிடந்து, பிறகு செங்குத்தாக எழும் வளைகோடு அது. இதைச் சரிசெய்யத்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்து, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டப்படுகிறது என்று மதிப்பிடுகிறார்கள். அறிக்கையில் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று இருப்பது இந்த எண்தான், 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்கு என்று அளவுப்படுத்தித் தருவார்கள். 1976-இல் வந்த காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரம், 1999-இல் வந்த எம்.டி.ஆர்.டி., 2009-இல் வந்த சி.கே.டி.-எப்பி ஆகியவற்றைத் தொடர்ந்து, இனத்தைக் கணக்கில் சேர்க்காத புதிய சி.கே.டி.-எப்பி சூத்திரம் 2021-இல் வெளியானது. இப்போது அதைப் பயன்படுத்துவதே நல்லது.

ஒரு 45 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். கிரியாட்டினின் 0.7 இருக்கும்போது, 2021 சூத்திரப்படி அவருடைய வடிகட்டும் வேகம் ஏறத்தாழ 109. எண் 1.1 ஆகிறது; அறிக்கையில் இன்னும் 'இயல்பு'. ஆனால் வடிகட்டும் வேகம் 63-க்கு இறங்கிவிட்டது. 0.4 என்ற சிறிய ஏற்றத்தில் 46 அளவு திறன் போயிருக்கிறது. அதே பெண்ணின் கிரியாட்டினின் பிற்காலத்தில் 3.0-இலிருந்து 3.4 ஆனால் வடிகட்டும் வேகம் 19-இலிருந்து 16 ஆகிறது, அதே 0.4 ஏற்றத்துக்கு இப்போது இழப்பு 3 மட்டுமே. குடும்பம் முழுவதும் பதறுவது 3.4-ஐப் பார்த்து, காப்பாற்ற அதிகம் இருந்தது 0.7-க்கும் 1.1-க்கும் இடையில்.

இன்னொரு கணக்கு. கிரியாட்டினின் 1.2 என்று வந்த 25 வயது இளைஞருக்கு வடிகட்டும் வேகம் 86. அதே 1.2 உள்ள 70 வயது மூதாட்டிக்கு 49. ஒரே எண், ஒருவருக்குக் கவலையில்லை, மற்றவருக்கு மூன்றாம் நிலை நோய்க்கான கேள்வி. எனவே அறிக்கையில் கிரியாட்டினின் மட்டும் இருந்து இ.ஜி.எஃப்.ஆர். இல்லாவிட்டால், அதைக் கணக்கிட்டுத் தரும்படி கேளுங்கள். வயதும் பாலினமும் அறிக்கையில் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்; பதிவு மேசையில் வயது தவறினால் இந்த எண்ணும் தவறும்.

நிலைகள் இவை: 90-உம் அதற்கு மேலும் ஜி1, 60 முதல் 89 வரை ஜி2, 45 முதல் 59 வரை ஜி3ஏ, 30 முதல் 44 வரை ஜி3பி, 15 முதல் 29 வரை ஜி4, 15-க்குக் கீழ் ஜி5. முதலிரண்டு நிலைகளில் இருப்பதாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிடுவதில்லை. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போவது, ஸ்கேனில் குறை தெரிவது போன்ற வேறு சான்றும் வேண்டும்.

சூத்திரம் தடுமாறும் இடங்களும் உண்டு. கால் இழந்தவர், பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர், கல்லீரல் சுருங்கி உடல் இளைத்தவர் ஆகியோருக்குத் தசை குறைவு. கிரியாட்டினின் குறைவாகவே இருக்கும், சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். தசை மிகுந்தவருக்கு நேர் எதிர். இந்தச் சூத்திரங்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய மக்களின் அளவீடுகளிலிருந்து உருவானவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஐயம் வரும்போது சிஸ்டாட்டின்-சி என்ற புரதத்தை அளக்கலாம். அது உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலிருந்தும் வருவதால் தசையைச் சார்ந்திருப்பதில்லை. ஆனால் தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, உடல் பருமன், புகைப்பழக்கம் ஆகியவை அதைப் பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கு வடிகட்டுவது இயல்பாகவே கூடி கிரியாட்டினின் இறங்குகிறது. மற்றவருக்குச் சாதாரணமான 1.0 கர்ப்பிணிக்குச் சாதாரணமல்ல. குழந்தைகளுக்கு உயரத்தைச் சேர்த்துக் கணக்கிடும் தனிச் சூத்திரம் இருக்கிறது.

ஆறாம் படி: அதே தாளிலுள்ள மற்ற எண்கள்

யூரியா புரதம் செரித்த பிறகு கல்லீரலில் உண்டாகும் கழிவு. நம் ஊரில் பல ஆய்வகங்கள் யூரியாவை நேரடியாகத் தருகின்றன. வழக்கமான வரம்பு 15 முதல் 40. சில ஆய்வகங்கள் யூரியாவிலுள்ள நைட்ரஜனை மட்டும் 'பி.யூ.என்.' என்று தருகின்றன. அதன் வரம்பு 7 முதல் 20. இரண்டாவதை 2.14-ஆல் பெருக்கினால் முதலாவது வரும். போன மாதம் 18 இருந்த யூரியா இந்த மாதம் 38 ஆகிவிட்டது என்று அழுதுகொண்டு வருபவரின் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால், ஒன்றில் நைட்ரஜன், மற்றதில் யூரியா என்றிருப்பது தெரியவரும். யூரியாவைக் கொண்டு மட்டும் சிறுநீரகத்தை எடைபோட முடியாது: நீர் வற்றினாலும், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும், ஸ்டீராய்டு உட்கொண்டாலும் அது ஏறும், கல்லீரல் நோயிலும் குறைந்த புரத உணவிலும் இறங்கும். நைட்ரஜன் அளவு கிரியாட்டினினைப்போல இருபது மடங்குக்கு மேல் இருந்தால், கோளாறு சிறுநீரகத்தில்தானா அல்லது அங்கே போகும் ரத்தம் குறைந்ததா என்று மருத்துவர் முதலில் யோசிப்பார்.

பொட்டாசியத்துக்கு வரம்பு ஏறத்தாழ 3.5 முதல் 5.0. 6-ஐத் தாண்டினால் அன்றே கவனிக்க வேண்டும். இதயத் துடிப்பைப் பாதிக்கும். எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்திருந்ததாக அறிக்கையில் குறிப்பு இருந்தால் உடனே மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 22-க்குக் கீழ் இருந்தால் உடலில் அமிலம் சேர்கிறது. பாஸ்பரஸ் ஏறி கால்சியம் இறங்குவதும் ஹீமோகுளோபின் குறைவதும் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு வருபவை; ரத்த அணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது என்பதால் இந்த ரத்தசோகை இரும்புச்சத்து மாத்திரையால் மட்டும் சரியாகாது.

ஏழாம் படி: சிறுநீரையும் சேர்த்துப் பார்ப்பது

சர்க்கரை நோயில் வடிகட்டியின் வலை கிழிவது முதலில் சிறுநீரில்தான் தெரியும். கிரியாட்டினின் பல ஆண்டுகள் பின்தங்கி வரும். எனவே ரத்தத்துடன் காலையின் முதல் சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தையும் கேளுங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் ஏ1, 30 முதல் 300 வரை ஏ2, அதற்கு மேல் ஏ3. பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் சாதாரணச் சோதனை ஏ2 நிலையின் சிறு கசிவைத் தவறவிடலாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, கடும் உழைப்பு ஆகியவற்றின்போது இந்தச் சோதனையைத் தள்ளிவையுங்கள்.

உலகளாவிய சிறுநீரக நோய் வழிகாட்டுதல்கள் ஜி நிலையையும் ஏ நிலையையும் சேர்த்தே ஆபத்தை மதிப்பிடுகின்றன. வடிகட்டும் வேகம் 55 ஆக இருந்து அல்புமின் போகாத முதியவரைவிட, வேகம் 80 ஆக இருந்து அல்புமின் 600 போகும் நாற்பது வயதுக்காரருக்கு அவசரம் அதிகம். ரத்தத்தை மட்டும் பார்த்தால் இவர்கள் இருவரையும் தலைகீழாக வரிசைப்படுத்திவிடுவோம்.

எட்டாம் படி: ஒருமுறை வந்த எண்ணை உறுதிசெய்வது

நாட்பட்ட நோய் என்று சொல்ல, குறை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். ஒரே ஓர் அறிக்கையைக் கொண்டு யாரும் உங்களை நாட்பட்ட சிறுநீரக நோயாளி என்று முத்திரையிடக் கூடாது, நீங்களும் இட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் மூன்று மாதம் காத்திருப்பது எல்லோருக்கும் பொருந்தாது. கிரியாட்டினின் 48 மணி நேரத்துக்குள் 0.3 ஏறினாலோ, ஒரு வாரத்துக்குள் முன்பிருந்ததைப்போல ஒன்றரை மடங்கு ஆனாலோ அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், விரியன் கடி, பெரிய அறுவை சிகிச்சை, வலி மாத்திரை ஆகியவை நம் ஊரில் இதற்கான வழக்கமான காரணங்கள். சிறுநீர் வெகுவாகக் குறைதல், மூச்சுத்திணறல், நிற்காத வாந்தி, மனக்குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால் மறுபரிசோதனைக்கு நாள் குறிக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீர்ப் பாதிப்பில் பலர் முழுமையாக மீள்கிறார்கள். மீண்டவரும் மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய அறிக்கை இந்த இடத்தில் விலைமதிப்பற்றது. இன்று 1.8 என்று வந்தவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பும் 1.7 இருந்ததா, அல்லது சென்ற மாதம் 0.9 இருந்ததா என்பது சிகிச்சையையே மாற்றும். பழைய தாள் இல்லாவிட்டால் வயிற்று ஸ்கேன் உதவும்: சிறுநீரகங்கள் சுருங்கியிருந்தால் பெரும்பாலும் நோய் பழையது. ஆனால் சர்க்கரை நோயில் நோய் முற்றியும் அளவு சுருங்காமல் இருக்கலாம்.

ஒன்பதாம் படி: எண் தெரிந்த பிறகு

வடிகட்டும் வேகம் 30-க்குக் கீழ் போனாலோ, அல்புமின் விகிதம் 300-ஐத் தாண்டினாலோ, ஆண்டுக்கு 5-க்கு மேல் தொடர்ந்து இறங்கினாலோ சிறுநீரகச் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே மாறவேண்டியது மருந்துப் பட்டியல். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினின் அளவை வேகம் 45-க்குக் கீழ் குறைப்பதும் 30-க்குக் கீழ் நிறுத்துவதும் வழக்கம். பல கிருமிக்கொல்லிகளின் அளவும் மாறும். எனவே பல் மருத்துவர், எலும்பு மருத்துவர், ஸ்கேன் மையம் என்று எங்கே போனாலும் "என் இ.ஜி.எஃப்.ஆர். இவ்வளவு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை நிறுத்துங்கள்.

ஒரு தவறான அச்சத்தையும் இங்கே நீக்க வேண்டும். எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற ரத்த அழுத்த மருந்துகளைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சற்று ஏறலாம். வடிமுடிச்சின் உள்ளழுத்தம் குறைவதால் வரும் ஏற்றம் அது. அந்த அழுத்தக் குறைவே நெடுங்காலத்தில் சிறுநீரகத்தைக் காக்கிறது. நான்கு வாரங்களுக்குள் 30 விழுக்காட்டுக்கு மிகாத ஏற்றமாக இருந்து, பொட்டாசியமும் கட்டுக்குள் இருந்தால் மருத்துவர்கள் மருந்தைத் தொடர்கிறார்கள். சர்க்கரைக்கும் சிறுநீரகத்தைக் காக்கவும் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளிலும் தொடக்கத்தில் இப்படியொரு சிறு இறக்கம் வடிகட்டும் வேகத்தில் தெரியும். எண்ணைப் பார்த்துப் பயந்து இந்த மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்துவது, காப்பாற்ற வந்தவரைக் கதவுக்கு வெளியே தள்ளுவதற்குச் சமம்.

உணவில் எல்லோருக்கும் பொருந்துவது சமையல் உப்பைக் குறைப்பது: நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம் ஆகியவையும் இந்தக் கணக்கில் அடங்கும். இளநீரும் பழங்களும் பருப்பும் எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் விலக்கல்ல. பொட்டாசியம் ஏறியவருக்கே கட்டுப்பாடு. கீரையைத் தேவையில்லாமல் விட்டவர்களையும், பொட்டாசியம் 5.8 இருக்க இளநீரைக் குடித்தவர்களையும் இரண்டு பக்கமும் காண முடிகிறது. நட்சத்திரப்பழத்தை மட்டும் சிறுநீரக நோயாளிகள் எவரும் தொடக் கூடாது. அதிலுள்ள ஆக்சலேட்டும் நரம்பு நஞ்சும் வலிப்புவரை கொண்டுபோகும். கிரியாட்டினினைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளை வாங்காதீர்கள். உலோகம் கலந்த தயாரிப்புகள் இருக்கிற கொஞ்சத் திறனையும் எடுத்துவிடும்.

பத்தாம் படி: ஒரு பக்கப் பதிவேடு

பிளாஸ்டிக் பையில் திணித்த இருபது தாள்களை மருத்துவரால் சில நிமிடங்களில் படிக்க முடியாது. ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் கோடு போட்டு, தேதி, ஆய்வகம், கிரியாட்டினின், இ.ஜி.எஃப்.ஆர்., யூரியா, பொட்டாசியம், சிறுநீர் அல்புமின் விகிதம், ரத்த அழுத்தம், அப்போது உட்கொண்ட மருந்துகள் என்று எழுதிவாருங்கள். அந்த வாரத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்திருந்தால் ஓரத்தில் குறித்துவிடுங்கள். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் இந்த வேலையை அவரிடமே ஒப்படைக்கலாம். வடிகட்டும் வேகத்தின் பத்தியை மேலிருந்து கீழாக விரலால் தொட்டுப் பார்த்தாலே இறங்குகிறதா, நிற்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்த பரிசோதனைக்கான தேதியைக் கடைசி வரிக்கு அடுத்த வரியில் இன்றே பென்சிலால் எழுதிவையுங்கள்.